புற்றுநோய் மருத்துவர் ஆக ஆசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து மூலம் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவன் நான். பள்ளி முடிக்கப் போகிறவர்கள், மருத்துவக் கல்லூரியில் இருப்பவர்கள், "எங்கள் பெண் இந்தத் துறையில் சேரணும்னு நிக்கிறா, சரிப்படுமா?" என்று விசாரிக்கும் பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நுழைவுத் தேர்வு விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றுக்கு அந்தந்த நாட்டு மருத்துவ ஆணையத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

புற்றுநோய் மருத்துவர் என்றால் எல்லாவற்றையும் பார்ப்பவர்தானே?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு, உள்ளே போக மூன்று வாசல். கட்டியை வெட்டி எடுப்பவர் ஒருவர், கதிர்வீச்சு தருபவர் ஒருவர், கீமோ முதலிய மருந்துகளைத் தருபவர் ஒருவர். இவர்கள் படிக்கும் படிப்பே வேறு வேறு.

மார்பில் பெரிய கட்டியோடு ஒரு பெண் வருகிறார் என்று வையுங்கள். முதலில் வெட்டுவதா, மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு வெட்டுவதா, பிறகு கதிர்வீச்சு வேண்டுமா, வேண்டுமென்றால் அக்குளுக்கும் சேர்த்தா? இதை எந்த ஒருவரும் தனியாக முடிவு செய்வதில்லை. அறுவை, கதிர்வீச்சு, மருந்து மருத்துவர்களோடு பயாப்ஸியை, அதாவது கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை, மைக்ரோஸ்கோப்பில் படித்த நோய்க்குறியியல் நிபுணரும் ஸ்கேன் பார்த்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு டியூமர் போர்டு என்று பெயர். பல நாள் அது வாக்குவாதமாகத்தான் இருக்கும். மாணவராக இருக்கும்போதே ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எந்த வாசல் உங்களுக்கானது என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த மூன்றைத் தவிர குழந்தைகளுக்கான புற்றுநோய் மருத்துவம், ரத்தநோய் மருத்துவம், பெண்களின் கருப்பை, சினைப்பைப் புற்றுநோய்க்கான அறுவை என்று கிளைகளும் உண்டு.

மொத்தம் எத்தனை வருடம் படிக்க வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். பயிற்சி வருடத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். மருந்து வழிப் புற்றுநோய் மருத்துவம் என்றால் அதன் மேல் பெரும்பாலும் பொது மருத்துவத்தில் எம்.டி. என்ற மேற்படிப்பு 3 வருடம், பிறகு அதற்கும் மேலான டி.எம். 3 வருடம். அறுவை என்றால் அதே மாதிரி எம்.எஸ். 3, எம்.சி.எச். 3. கதிர்வீச்சு மட்டும் குறுக்குவழி மாதிரி: அதற்கென்றே நேரடி எம்.டி. இருக்கிறது, 3 வருடத்தில் நிபுணர். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு 4, மருத்துவப் படிப்பு 4, பொது மருத்துவப் பயிற்சி 3, அதற்குப் பின் புற்றுநோய்க்கான ஃபெலோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி 2 வருடம். ரத்தநோயும் சேர்த்துப் படித்தால் 3. பிரிட்டனில் ஒரு விசேஷம்: அங்கே 'கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட்' என்பவர் கதிர்வீச்சு, மருந்து இரண்டையும் தானே தருவார். மருந்து மட்டும் தருபவர்கள் தனிப் பிரிவு.

ஆக, இந்தியாவில் மருந்து அல்லது அறுவை வழி என்றால் பள்ளி முடித்து பதினோரு பன்னிரண்டு வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் தேர்வுக்காக வீட்டில் உட்காரும் வருடங்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் எந்தப் பாடம் முக்கியம்?

உயிரியலும் வேதியியலும் எப்படியும் வேண்டும். கணக்கை வெறுக்காமல் இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் இருக்கும்போதே இதற்குத் தனியாகத் தயாராகலாமா?

புற்றுநோய்ப் புத்தகத்தை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். முதலில் நல்ல பொது மருத்துவராகுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எங்களிடம் வருபவர் புற்றுநோயை மட்டும் கொண்டு வருவதில்லை. சர்க்கரை இருக்கும், சிறுநீரகம் பாதி வேலை செய்யும், இதயத்தில் ஸ்டென்ட் இருக்கும். நாங்கள் தரும் மருந்துகள் அந்தச் சிறுநீரகத்தையும் இதயத்தையும்தான் போய்த் தொடும். கீமோ கொடுத்து பத்து நாள் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் காய்ச்சலோடு வருகிறார். 38.3 டிகிரி செல்சியஸ். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார், நடந்தே வந்தார். டூட்டியில் இருக்கும் இளம் மருத்துவர் பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் பார்ப்போம் என்று அனுப்பினால், காலையில் அவர் உயிரோடு இல்லாமல் போகலாம். வெள்ளை அணுக்களில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடம்பில் சீழ்கூடப் பிடிக்காது. எதிர்க்க ஆள் இல்லாததால் கிருமி சத்தமில்லாமல் பரவும். ஆகவே வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலை மதிக்கத் தெரிந்த பொது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை இது. புற்றுநோய் நிபுணரின் பட்டத்துக்கு இங்கே வேலை இல்லை.

அதேபோல நோய்க்குறியியல் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்பதில் தொடங்கித்தான் எங்கள் முடிவுகள் எல்லாம்.

மூன்று வாசலில் எனக்கு எது பொருந்தும்?

சுபாவத்தைப் பொறுத்தது. கையால் செய்து, முடித்து, முடிந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் அறுவைக்குப் போவார்கள். ஒரே ஆளை வருடக்கணக்காகப் பார்த்து, மருந்தை மாற்றி மாற்றி ஓட்டுவதில் பொறுமை உள்ளவர்கள் என் பக்கம் வருவார்கள். கதிர்வீச்சைப் பற்றித்தான் மாணவர்களுக்குக் கொஞ்சமும் தெரிவதில்லை, அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தொண்டைப் புற்றுநோய் உள்ள ஒருவரைத் தலை அசையாதபடி ஒரு வலைமுகமூடி போட்டுப் படுக்க வைத்து சி.டி. எடுப்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மருத்துவர் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் கோடு வரைய வேண்டும். முதல் கோடு, கண்ணுக்குத் தெரியும் கட்டி. அதைச் சுற்றி இரண்டாவது கோடு, கண்ணுக்குத் தெரியாமல் செல்கள் ஊடுருவியிருக்கக்கூடிய இடம். அதற்கும் வெளியே மூன்றாவது, தினமும் படுக்கும்போது ஏற்படும் சின்னச் சின்ன அசைவுக்கான இடைவெளி. அப்புறம் காப்பாற்ற வேண்டியவை: உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம், பார்வை நரம்பு. கட்டிக்கு ஏழு வாரத்தில் 35 தவணையாக 70 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) போக வேண்டும். ஆனால் விரல்கடை தூரத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கு சுமார் 45 கிரேயைத் தாண்ட விடமாட்டார்கள். தாண்டினால் கை கால் விழுந்துவிடும் அபாயம். உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டால் ஆள் பிழைப்பார், ஆனால் வாழ்நாள் முழுக்க வாய் வறண்டு ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவார். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், ஒரு இருட்டறையில் மூன்று மணி நேரம் கோடு வரையும் வேலைதான். ஆனால் அவர் இன்னும் பத்து வருடம் எப்படிச் சாப்பிடப் போகிறார் என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது. இதைக் கேட்டு உங்களுக்கு ஆவல் வந்தால் உங்கள் வாசல் அதுதான்.

மருந்து தருபவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் வார்டு ரவுண்ட்ஸ், பிறகு மாலை வரை புறநோயாளிகள். நடுவில் கீமோ சீட்டுகள். சீட்டு எழுதுவது சாதாரண மருந்துச் சீட்டு மாதிரி கிடையாது. பல மருந்துகளுக்கு உடல் பரப்பளவை வைத்து அளவு போட வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை என்றால் இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.63 சதுர மீட்டர். மருந்து சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்றால் 122. பிறகு இன்றைய ரத்த அணுக்கள் சரியா, கல்லீரல் சரியா, போன தடவை வாய்ப்புண் வந்ததா, அதற்காகக் குறைக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். எழுதியதை மருந்தாளுநர் ஒரு முறை, செவிலியர் ஒரு முறை சரிபார்ப்பார்கள். தவறைக் கண்டுபிடித்தால் கோபப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள். வின்கிரிஸ்டின் என்று ஒரு மருந்து, ரத்தப் புற்றுநோய்க்குப் பல வருடமாகப் பயன்படுகிறது. ரத்தக் குழாயில் கொடுத்தால் மருந்து. அதே மருந்து தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் போய்விட்டால் அநேகமாக மரணம்தான். உலகின் பல இடங்களில் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும் என்று விதியே வைத்தார்கள்.

கணக்கு வேண்டும் என்றீர்களே, அளவு போடத்தானா?

அளவை இப்போது கணினியே போட்டுத் தரும். கணக்கு வேண்டியது ஏமாறாமல் இருக்க. "புது மருந்து, நோய் திரும்புவதை 25 சதவீதம் குறைக்கிறது" என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி வருவார். பிரித்துப் பார்த்தால் நூறு பேரில் 4 பேருக்குத் திரும்பியது 3 பேருக்கு என்று ஆகியிருக்கும். அதுவும் 25 சதவீதம்தான், பொய் இல்லை. ஆனால் அந்த ஒருவருக்காக நூறு பேரும் மருந்தின் பக்கவிளைவைத் தாங்க வேண்டும். அது தகுமா என்று எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு பேசிச் சொல்வதுதான் வேலை.

எண்ணிப் பார்க்காமல் நம்பியதால் இந்தத் துறை பட்ட அவமானத்துக்கும் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்கு மார்பையும் அடியில் உள்ள தசையையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் மொத்தமாக எடுக்கும் முறையைப் பரப்பினார். எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை. பல பத்தாண்டுகள் அதுவே வேதமாக இருந்தது. பிறகு பெர்னார்டு ஃபிஷர் என்ற இன்னொரு அறுவை மருத்துவர், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பு முழுவதையும் இழந்தவர்களும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். இருபது வருடம் கழித்து 2002-இல் வெளியான முடிவும் அதையே சொன்னது. இடைப்பட்ட காலத்தில் தேவையில்லாமல் வெட்டுப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

பார்ப்பவர்கள் எல்லோரும் இறந்துபோவார்களே, மனம் தாங்குமா?

எல்லோரும் இறப்பதில்லை. உலக அளவில் 2022-இல் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, சுமார் 97 லட்சம் பேர் இறந்தார்கள். இது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் 'புற்றுநோய்' என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. விதைப்பைப் புற்றுநோய் உடம்பில் பரவிய பிறகும் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு, ஆபத்தான வகை அது, வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஒரு மாத்திரையும் ஆர்சனிக்கும், ஆமாம் வெள்ளைப் பாஷாணம்தான், சேர்த்துக் கொடுத்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்துகிறோம். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தது. அதற்கு முன்பு சில வருடமே பிழைத்திருந்தவர்கள் இன்று தினம் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறக்குறைய எல்லோரையும் போல வாழ்கிறார்கள்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்றால், 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தை நோய்க்குறியியல் மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்ததில். ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் அந்த அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1948-இல் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகள், அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிந்ததே தவிரத் தீரவில்லை, சில மாதங்களில் திரும்பிவிட்டது. அந்தச் சில மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த தலைமுறை மருத்துவர்கள் மருந்து மேல் மருந்து சேர்த்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

சரி, பிழைக்காதவர்கள்? அவர்கள் இறப்பார்கள், உங்களுக்கு வலிக்கும். பழகிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்து தாக்குப்பிடிப்பவர்கள், கஷ்டமான நாளைப் பற்றி யாரிடமாவது பேசுகிறவர்கள், விடுமுறை எடுக்கிறவர்கள், கூடவே தாங்கள் ஏன் இந்த முடிவை எடுத்தோம் என்று தங்களுக்கே விளக்கத் தெரிந்தவர்கள்.

சிகிச்சையை நிறுத்தச் சொல்வது தோல்வி இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2010-இல் வந்த ஓர் ஆய்வு என்னை மாற்றியது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே வலி, மூச்சுத்திணறல், மனக்கவலை ஆகியவற்றைக் கவனிக்கும் நோய்த்தணிப்புக் குழுவும் சேர்ந்தது. இரண்டாவது குழுவினருக்குக் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சை குறைவாகவே தரப்பட்டது. ஆனால் அவர்கள் நன்றாக வாழ்ந்தது மட்டும் இல்லை, அதிக நாளும் வாழ்ந்தார்கள்: நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு நாலாவது வகைக் கீமோ எழுத எந்தத் திறமையும் வேண்டாம். 'இனி இது உங்களுக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் செய்யும், வலியையும் தூக்கத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல நிறையவே வேண்டும்.

கெட்ட செய்தியைச் சொல்ல யார் கற்றுத் தருவார்கள்?

என் காலத்தில் யாரும் இல்லை. பயிற்சியில் இருந்தபோது ஒருவரிடம் அவருடைய ஸ்கேன் முடிவை வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டேன். கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, மருந்தை மாற்றணும், அடுத்த வாரம் வாங்க. அவர் தலையாட்டிவிட்டு "சரிங்க டாக்டர்" என்று போய்விட்டார். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் மனைவி வந்து நின்றார். "நேத்து என்ன சொன்னீங்கன்னு அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க." 'பரவியிருக்கிறது' என்ற வார்த்தைக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

இப்போது இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை 2000-இல் வெளியானது. அதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது படி: நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன், 'இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?' என்று கேட்க வேண்டும். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பத்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

கதிர்வீச்சும் கீமோ மருந்தும் நமக்கு ஆபத்து இல்லையா?

முறையாக இருந்தால் இல்லை. கதிர்வீச்சு இயந்திரம் தடித்த சுவர் அறைக்குள் இருக்கும், ஓடும்போது நோயாளி தவிர யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். அணைத்தால் கதிரும் நின்றுவிடும். உடம்பில் படும் கதிரை அளக்கும் பட்டையைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பணியாளர்களுக்கான வரம்பு ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), பெரும்பாலோர் அதன் கிட்டேகூடப் போவதில்லை. கீமோ மருந்தைக் கலப்பவர்கள், ஏற்றும் செவிலியர்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டும்: கையுறை, மேலங்கி, தனிக் காற்றோட்டப் பெட்டி. கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேலையை மாற்றித் தருவார்கள்.

ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டுமா?

செய்ய வேண்டியதில்லை. படித்தே ஆக வேண்டும். நான் படிப்பு முடித்தபோது மனப்பாடமாக வைத்திருந்த சிகிச்சை முறைகளில் பாதியை இன்று கொடுத்தால் தவறு.

ஏ.ஐ. வந்து இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா?

மேலே சொன்ன கோடு வரையும் வேலையில் ஒரு பகுதியை இப்போதே மென்பொருள் வரைந்து தருகிறது. சந்தோஷம். திருத்துவதும் கையெழுத்துப் போடுவதும் இன்னும் மருத்துவர்தான்.

டாக்டருக்குப் படிக்காமல் இந்தத் துறையில் இருக்க முடியுமா?

தாராளமாக. கதிர்வீச்சு திட்டத்தைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் அந்த இயந்திரத்தை யாரும் தொடக்கூட மாட்டார்கள். புற்றுநோய்ச் செவிலியர், மருந்தாளுநர், மரபணு ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர் என்று எத்தனையோ பேர். இயற்பியல் பிடித்து, ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்றால் மருத்துவ இயற்பியலைப் பாருங்கள்.

என் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. அதனால்தான் இந்தத் துறைக்கு வர நினைக்கிறேன். இது சரியான காரணமா?

சேர்வதற்குப் போதும். பன்னிரண்டு வருடம் நிலைப்பதற்கு அது மட்டும் போதாது. உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் உங்கள் வார்டில் படுத்திருக்கும் நாள் நிச்சயம் வரும். அன்றைக்கு அவருடைய சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து மருந்தைக் குறைக்க வேண்டும், அம்மாவை நினைத்து அல்ல. அதனால் முடிவெடுப்பதற்கு முன் ஒரு மருத்துவமனையில் அனுமதி கேட்டு, புற்றுநோய்ப் புறநோயாளிப் பிரிவில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். முதல் நோயாளியிலிருந்து கடைசி ஆள் வரை. அழுகிற நோயாளிகளை மட்டும் கவனிக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிவிட்டு இரண்டு நிமிடத்தில் கிளம்புகிறவர்களையும் பாருங்கள். எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான்.